அத்தியாயம் 4: கண்ணில் பட்டதைப் பெயரோடு பகிர்வது

லெபோ அர்மேனியனில் சைக்கிளில் போகும் அக்கா தம்பி ஓவியத்தை அறியாத பினாங்குக்காரர் அரிது. சட்டை, சாவிக்கொத்து, குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் என்று அந்தப் படம் ஏறாத பொருளில்லை. வரைந்தவர் பெயரைக் கேட்டால் மட்டும் பலருக்குச் சட்டென்று வாயில் வராது. அவர் எர்னஸ்ட் ஸாக்கரெவிச், லித்துவேனியாவில் பிறந்தவர். 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக இந்த நகரின் சுவர்களில் ஒரு தொடராக வரைந்தார். அந்தச் சைக்கிள் சுவரில் பொருத்திய உண்மையான சைக்கிள்.

படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, பெயர் சுவரிலேயே நின்றுவிடுகிறது. நல்ல ஓவியத்தையும் வடிவமைப்பையும் தேடிப் பிடித்து, செய்தவரின் பெயரோடும் உங்கள் சொந்தச் சொற்களோடும் நண்பர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். ஓவியப் படிப்பு வேண்டாம். விலையுயர்ந்த கேமராவும் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

கைப்பேசி, சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு, பேனா, தண்ணீர், குடை. குறிப்பேட்டை விட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் படம் சேரும் வேகத்தில், எதை எங்கே எடுத்தோம் என்பது வீடு திரும்புவதற்குள் குழம்பிவிடும்.

எங்கே தொடங்குவது

ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7 அன்று மலாக்காவுடன் சேர்ந்து உலகப் பாரம்பரியத் தலமானது. அதற்குப் பிறகு சுவர்களில் நடந்த வேலைகளைப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். லெபோ அர்மேனியன் சைக்கிள், லெபோ ஆ குவீயில் பழைய மோட்டார் சைக்கிள் மேல் பையன், லெபோ முந்திரியில் நீலச் சட்டைச் சிறுமி, லெபோ கெனனில் நாற்காலி மேல் ஏறி எட்டும் சிறுவன். எல்லாமே நடக்கும் தொலைவு.

போகும் வழியில் சுவரோரம் வளைந்து நிற்கும் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2009இல் மாநில அரசு நடத்திய போட்டியில் பிறந்த திட்டம் அது. ஸ்கல்ப்சர் அட் வொர்க் என்ற நிறுவனம், தாங் முன் கியான், ரெஜி லீ, பாபா சுவா, ஜூலியன் 'லெஃப்டி' காம் போன்ற கேலிச்சித்திரக்காரர்களோடு சேர்ந்து அந்தந்தத் தெருவின் கதையைக் கம்பியில் வளைத்தது. மொத்தம் 52. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய கதை லெபோ முந்திரியில் நிற்கிறது. ஒரே தடிமன் கொண்ட கோட்டை வைத்து முகபாவம், அசைவு, நகைச்சுவை மூன்றையும் எப்படிக் கொண்டுவருவது என்று பார்க்க இதைவிட நல்ல இலவசப் பாடம் இந்த நகரில் இல்லை என்பேன்.

அடுத்து, ஜாலான் குருத்வாராவில் உள்ள ஹின் பஸ் டிப்போ. ஒரு காலத்தில் நீலப் பேருந்துகள் நின்ற கொட்டகை. 2014 ஜனவரியில் ஸாக்கரெவிச்சின் தனிக்காட்சியோடு கலைவெளியாகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஓவியர்களே தங்கள் அச்சுப்படங்களையும் அட்டைகளையும் ஒட்டிகளையும் விரித்து விற்பார்கள். நேரில் பேச வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

மழைநாளில் புத்தகக் கடை. கெராக்புடாயா கடையில் மலேசிய நூல்களின் அட்டைகளை வரிசையாகப் புரட்டிப் பார்க்கலாம். பத்துஃபிரிங்கியில் உள்ள யாஹோங் காட்சிக்கூடம், பாத்திக் முறையை ஓவியமாக்கிய சுவா தியன் தெங்கின் குடும்பத்தாருடையது.

இவையெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங் மூன்றையும் வடிவமைப்புக் கண்ணோடு பார்ப்பவர்கள்தான் குறைவு. அங்கே கடைப் பலகைகளில் இருக்கும் தமிழ் எழுத்துகளைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை வழியில் எழும் தண்ணீர்ப் பந்தல்களின் பதாகைகளையும் முகப்புகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நாளில் பிரித்துவிடுவார்கள். அவற்றை யாரும் ஆவணப்படுத்துவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

படம் எடுக்கும் வரிசை

1. முதலில் கைப்பேசியைப் பையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். பிறகு எழுதப்போவது இதைத்தான்.

2. முழுப் படைப்பையும் நேருக்கு நேர் நின்று எடுங்கள். கைப்பேசி சுவருக்கு இணையாக இருக்கட்டும். திரையில் கட்டக் கோடுகளை இயக்கிவிட்டால் சாய்வு தெரியும். அகலக் கோண வில்லை ஓரங்களை இழுத்துவிடும், வேண்டாம்.

3. சில அடி விலகி, சுற்றுப்புறத்தோடு ஒரு படம். பக்கத்துக் கதவு, ஐந்தடி நடைபாதை, நிற்கும் மோட்டார் சைக்கிள் எல்லாம் வரட்டும். சுவர் ஓவியத்தின் அளவு இதில்தான் புரியும்.

4. நெருங்கிப்போய் ஒரு நுணுக்கம். தூரிகைத் தடம், உரிந்த சுண்ணாம்பு, கம்பி பற்றவைத்த இடம்.

5. கையெழுத்து, பெயர்த்தகடு, பலகையின் அடி மூலை. இதை எடுக்காமல் நகராதீர்கள்.

6. குறிப்பேட்டில் நான்கு வரி: தெரு, தேதி, செய்தவர் பெயர் (அல்லது "தேட வேண்டும்"), எது உங்களை நிறுத்தியது.

குறிப்பு: காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். லெபோ அர்மேனியனில் அதற்குப் பிறகு படம் எடுக்க வரிசை நிற்கும், வெயிலும் ஏறிவிடும். மதியத்துக்கு மேல் மழை வரும் மாதங்களில் காலை ஒன்றுதான் நம்பகமான நேரம்.

பாதுகாப்பும் மரியாதையும்

பின்னால் பார்க்காமல் பின்னோக்கி அடி வைக்காதீர்கள். ஜார்ஜ் டவுன் சந்துகள் குறுகியவை. மோட்டார் சைக்கிள்கள் சத்தமில்லாமல் வந்துவிடும். பல தெருக்களில் கால்வாய் ஆழமாகத் திறந்தே கிடக்கும். துணைக்கு ஒருவர் இருந்தால் அவரைச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகப் போனால், நிற்க வேண்டிய இடத்தை முதலில் நடந்து பார்த்துவிட்டுப் பிறகு கைப்பேசியை உயர்த்துங்கள்.

சுவரில் பொருத்திய சைக்கிள் மீதும் நாற்காலி மீதும் ஏறாதீர்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலும் மழையும் தின்ற பொருள்கள் அவை. ஓவியத்தைத் தொடவும் வேண்டாம். ஆயிரம் கைகளின் வியர்வை பட்டால் எந்த வண்ணமும் மங்கும்.

சுவருக்குப் பின்னால் வீடு இருக்கிறது. குலப் படகுத்துறைகளில், சியூ படகுத்துறை உட்பட, மக்கள் குடியிருக்கிறார்கள். திறந்த கதவுக்குள் கேமராவைத் திருப்பாதீர்கள். கோயிலில் கேட்டுவிட்டு எடுங்கள். காவடி எடுப்பவரின் முகத்தையும் குழந்தைகளின் முகத்தையும் அனுமதியில்லாமல் பகிரவே கூடாது.

யார் செய்தது? கண்டுபிடிக்கும் வழி

எனக்கு மிக முக்கியமான பகுதி இது. பெரும்பாலானோர் பொறுமை இழப்பதும் இங்கேதான். வரிசையாகப் போனால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

1. படைப்பிலேயே தேடுங்கள். சுவர் ஓவியத்தில் கீழ் மூலை. பலகையில் விளம்பரக் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஓரத்தில் சிறியதாக இருக்கும். புத்தகத்தில், தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள பதிப்பு விவரப் பக்கத்தில் அட்டை வடிவமைப்பாளர் பெயர் இருக்கும்.

2. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். தமிழ்க் கடையாக இருந்தால் இப்படித் தொடங்கலாம்: "வணக்கம் அண்ணே. உங்க கடைப் பலகை எழுத்து ரொம்ப அழகா இருக்கு. யார் எழுதினது? ஒரு படம் எடுத்துக்கலாமா?" கல்லாவில் அக்கா இருந்தால் அக்கா, வயதில் பெரியவரென்றால் ஐயா, அம்மா. கடை நெரிசலாக இருக்கும் நேரத்தில் கேட்காதீர்கள். ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் பேச்சு நீளும். அந்தப் பேச்சில்தான் பலகை எந்த ஆண்டு எழுதியது, அதற்கு முன் என்ன இருந்தது என்பதெல்லாம் வரும்.

3. படத்தை வைத்துத் தேடுங்கள். கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ. டின்ஐயில் மிகப் பழைய பதிவை முதலில் காட்டும்படி வரிசைப்படுத்தலாம். பழைய பதிவு மூலத்துக்கு நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

4. கிடைத்த பெயரை இன்னொரு வழியில் உறுதிசெய்யுங்கள். ஓவியரின் சொந்தப் பக்கம், விழாவின் அறிவிப்பு, பதிப்பகத்தின் பட்டியல். இரண்டு இடம் ஒத்துப்போனால் எழுதலாம்.

5. எதுவும் கிடைக்கவில்லையா? "செய்தவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லுங்கள்" என்று வெளிப்படையாக எழுதிப் பகிருங்கள். ஊகித்த பெயரைப் போடாதீர்கள்.

பலர் செய்யும் தவறு, பின்டரெஸ்டில் பார்த்ததைப் பின்டரெஸ்டின் பெயரிலேயே பகிர்வது. அங்கே ஒரே படம் கைமாறிக் கைமாறி வந்திருக்கும். "நன்றி: பின்டரெஸ்ட்" என்பது யாருக்கும் சொல்லும் நன்றியாகாது.

இன்னொன்று, சுவர் ஓவியம் என்றாலே ஸாக்கரெவிச் என்று எழுதிவிடுவது. இந்த நகரில் வரைந்தவர்கள் பலர். 2013இல் தெருவிலங்குகளுக்காகக் கலைஞர்கள் கூடி உருவாக்கிய '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' திட்டத்தின் பூனைகள் தனி. ரஷ்யாவைச் சேர்ந்த ஜூலியா வோல்ச்கோவாவின் பெரிய முகச் சித்திரங்கள் தனி.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படமும் இப்போது கலந்து வருகிறது. போட்டவரின் பழைய வேலைகளைப் பாருங்கள். பென்சில் வரைவு, பாதி முடிந்த நிலை, பணி நடந்த இடம் இவற்றில் ஒன்றாவது தென்படுகிறதா என்று தேடுங்கள். படத்துக்குள் தமிழ் எழுத்து சிதைந்திருந்தால் ஐயம் கொள்ளலாம். எழுத்து சரியாக இருப்பதாலேயே கை வரைந்தது என்று மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

தமிழ் எழுத்தைப் பார்க்கப் பழகுவது

லெபோ பாசாரின் முனையில் நின்று மேலே பாருங்கள். ஒரே பலகையில் மலாய், தமிழ், சில இடத்தில் ஆங்கிலம், சீனம். மலாய் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. மிச்ச இடத்தில் நீளமான தமிழ்ச் சொல்லை அடக்க வேண்டும். அந்த நெருக்கடியில் எழுதுபவர் என்ன செய்கிறார் என்பதில்தான் சுவை இருக்கிறது. கவனிக்க நான்கு இடம் சொல்கிறேன்.

ஒன்று, சுழி: ண, ன, ற ஆகியவற்றின் வளைவு வட்டமா, தட்டையா. இரண்டு, புள்ளி: உருண்டையா, சதுரமா, எழுத்தோடு ஒட்டி நிற்கிறதா. மூன்று, கொம்பும் காலும்: எழுத்துக்கு நெருக்கமா, விலகியா. நான்கு, கோட்டின் தடிமன் மாறுவது: தட்டைத் தூரிகை திரும்பிய இடம் அதில் தெரியும். இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், கையால் எழுதிய பலகைக்கும் கணினியில் வெட்டிய பலகைக்கும் வேறுபாடு எட்ட நின்றே தெரிந்துவிடும்.

உடைந்த தமிழும் கண்ணில் படும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே மிதக்கும். அச்சடித்தவருக்குத் தமிழ் தெரியாது, மென்பொருள் எழுத்துகளைக் கோத்துத் தரவில்லை. இப்படிப்பட்ட பதாகையைப் படமெடுத்துக் கேலி செய்து பகிர்வதால் எதுவும் திருந்தாது. கடைக்காரரிடம் சொல்லி, சரியான வடிவத்தை அனுப்பிக் கொடுங்கள்.

உங்கள் பதிவிலேயே தமிழ் எழுத்தை வைத்துப் படம் தயாரிப்பதாக இருந்தால்:

1. யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான், இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவாணர், ஏக் டைப் வெளியிட்ட அநேக் தமிழ் ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசம்.

2. இண்டிசைன் போன்றவற்றில் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' வசதியைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு இடம் மாறுவதற்குப் பெரும்பாலும் இது இல்லாததே காரணம்.

3. அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளை வரைவடிவமாக மாற்றிவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படியுங்கள்.

4. எழுத்துருவை உருவாக்கியவர் பெயரையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அதுவும் ஒருவர் வரைந்ததுதான். மலேசியத் தமிழருக்கு இதை மறக்க உரிமையே இல்லை. முரசு அஞ்சல், செல்லினம், ஆப்பிள் கணினிகளில் வந்த இணைமதி எழுத்துரு ஆகியவற்றைத் தந்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர்.

திரையில் தேடும்போது

பெகான்ஸ், இன்ஸ்டாகிராம் இரண்டுமே போதும். வரும் படங்களை வெறுமனே தள்ளிக்கொண்டு போவதில் பயன் குறைவு. ஒருவரைப் பிடியுங்கள். அவர் யாருக்கு நன்றி சொல்கிறார், யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்று பாருங்கள். அதிலிருந்து இருவர் கிடைப்பார்கள்.

தமிழ் வழியில் தொடங்க நினைப்பவர்களுக்கு என் தேர்வு: கோட்டோவியத்துக்கு ட்ராட்ஸ்கி மருது, புத்தக அட்டைக்குச் சந்தோஷ் நாராயணன், கையால் அச்சிட்ட படநூலுக்குச் சென்னையின் தாரா புக்ஸ். 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய பதிப்பகம் அது. கோண்டு ஓவியர்கள் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலைக் கறுப்புத் தாளில் திரை அச்சில் ஒவ்வொரு வண்ணமாக ஏற்றினார்கள். இத்தாலியின் போலோக்னா குழந்தைநூல் கண்காட்சியில் 2008இல் அது விருது பெற்றது.

நீங்களே வரைந்து பார்க்க விரும்பினால் பினாங்கின் தெருவோவியர் குழுவோடு ஒரு ஞாயிறு உட்காருங்கள். அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற உலக அமைப்பின் கிளை அது. அமைப்பின் முதல் விதி, இடத்தில் இருந்து கண்ணால் பார்த்து வரைய வேண்டும் என்பது. ஒரு ஜன்னலை அரைமணி நேரம் வரைந்தவர், மறுநாள் அடுத்தவர் வரைந்ததைப் பார்க்கும் பார்வையே வேறு.

பகிரும் முறை

1. ஒரு நேரத்தில் ஒரு படைப்பு. பத்துப் படத்தை ஒன்றாகக் கொட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது.

2. முதல் வரியில் பெயர், இடம், ஆண்டு.

3. அடுத்து மூன்று வரி. கண் எங்கே போனது, எதனால் செய்தது, ஏன் பிடித்தது. "சூப்பர்", "அருமை" இரண்டையும் தவிர்த்து எழுதிப் பாருங்கள். கடினமாக இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

4. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணையுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி நுணுக்கம் போய்விடும்.

5. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, படத்தில் என்ன இருக்கிறது என்ற விளக்கத்தை மாற்றுரையில் எழுதுங்கள்.

மாதிரிக்கு ஒன்று:

"எர்னஸ்ட் ஸாக்கரெவிச். லெபோ கெனன், ஜார்ஜ் டவுன், 2012. சுவரில் வரைந்த பையன், அவன் காலடியில் உண்மையான நாற்காலி. அவன் கை எட்டும் ஓட்டை சுவரில் முன்பே இருந்தது போலத் தெரிகிறது. ஓவியர் சுவரை மறைக்காமல் அதன் குறையையே கதையாக்கிவிட்டார். நாற்காலி படத்தின் வண்ணத்தோடு சேர்ந்துவிட்டதைப் பாருங்கள்."

திரைக்கு வெளியேயும் பகிரலாம். நான்கைந்து படங்களை நல்ல தாளில் அச்சிட்டு, ஒட்டுக்கடையில் பசியாறும்போது மேசையில் பரப்பினால் போதும். திரையில் பார்க்காத அம்மாமார்களும் தாத்தாக்களும் குனிந்து பார்ப்பார்கள். பழைய பலகைகளைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

சட்டம் சுருக்கமாக

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படமெடுத்துப் பகிர்வதற்கு விதிவிலக்கு தருகிறது. காட்சிக்கூடத்துக்குள் தற்காலிகமாகத் தொங்கும் படத்துக்கும், புத்தகப் பக்கத்துக்கும், திரையில் பார்த்ததற்கும் அந்த விதிவிலக்கைப் பொருத்த முடியாது. அவற்றுக்கு அனுமதி கேளுங்கள். படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும், படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்பதும் படைத்தவரின் உரிமையே. அதனால் வண்ணத்தை மாற்றாதீர்கள், கையெழுத்து விழும்படி வெட்டாதீர்கள். விற்பனைக்குரிய எதையும் செய்வதற்கு முன் ஓவியரிடம் எழுத்தில் சம்மதம் பெற்று, வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பகிர்ந்த பிறகு

பதிவின் இணைப்பைச் செய்தவருக்கே அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: "வணக்கம். உங்கள் படைப்பைப் பற்றித் தமிழில் எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்." பலகை எழுதியவர் இணையத்தில் இல்லாவிட்டால், அச்சுப்படம் ஒன்றைக் கடையில் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

நீக்கச் சொன்னால் வாதாடாமல் நீக்குங்கள். பெயர் தவறென்று யாராவது சுட்டினால், பழைய பதிவை மறைக்காமல் அதன் தலைப்பிலேயே "திருத்தம்" என்று எழுதிச் சரியான பெயரைப் போடுங்கள். ஏற்கெனவே பகிர்ந்தவர்களுக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். குறிப்பேட்டிலும் அன்றே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு அதே தவறான பெயர் மறுபடி வெளியே போகும்.